ருசி பார்க்க ஆளில்லாத ஸ்டூ

மச்சான்,

டப்பாவின் மூடியைத் திறந்தபோது அடித்த நாற்றம் இன்னும் என் மீசையிலேயே இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. கரண்ட் போன ஐஸ்பெட்டிக்குள் கெட்டுப்போன இறைச்சியை எடுத்து, மேலே மிளகுத்தூளைக் கொட்டி மறைத்தால் என்ன வாடை வருமோ அந்த வாடை. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் நீ சிரித்துக்கொண்டு இருந்தாய்.

வெள்ளைத் தொப்பி, தொங்கிப்போன கன்னம், மேல் வரிசையில் பல் விழுந்த சந்து, எல்லாம் அப்படியே. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். படத்துக்கு அடியில் பர்மா எழுத்தில் இருந்ததை உன் மகள் செல்விதான் படித்தாள். உன் பேரைப் போட்டு, அவர் கைப்பக்குவத்தில் ஐரிஷ் ஸ்டூ என்று அச்சடித்திருக்கிறார்களாம். நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன்னை எரித்த இடத்துக்கு நானும்தான் வந்தேன். எந்தக் கையின் பக்குவம் இது?

இந்த மடலையும் செல்விதான் எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்லக் கை வேகமாக ஓடுகிறது. ஆனால் கெட்ட வார்த்தை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். அதனால் நான் நினைத்ததில் பாதிதான் உனக்கு வந்து சேரும். மீதியை நீயே நிரப்பிக்கொள். உனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றும் என்னிடம் இல்லை.

டப்பா வந்த கதையைச் சொல்கிறேன். செல்வி இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் ஒரு தையல் ஆலையின் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒருத்திக்குப் பதவி உயர்வு. எல்லோருக்கும் விருந்து வைக்கிறேன் என்று பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்து சாப்பாடு வரவழைத்திருக்கிறாள், நாம் வேலை பார்த்த அந்த ஐரிஷ் பப்பில் இருந்து. டப்பாக்கள் மேசையில் வரிசையாக வந்து இறங்கின. ஒவ்வொன்றின் மூடியிலும் நீ. செல்விக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்ததாம். சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி ஒரு கரண்டி தின்றுவிட்டுக் கழுவுதொட்டிக்கு ஓடினாள். இன்னொருத்தி கைப்பேசியை எடுத்து, அந்தக் கடையைப் பற்றி ஜனங்கள் எழுதிய அபிப்பிராயங்களை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உன் மகளும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கப்பான்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?" என்று கேட்டேன்.

"வாந்தி எடுக்கிறவ கிட்டப் போயி, இது எங்கப்பான்னு எப்படி மாமா சொல்றது?" என்றாள்.

சொல்லாமல் ஒரு டப்பாவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, நெரிசல் பஸ்ஸில் மடியில் வைத்தபடி, நேராக மிங்கலா தாங்ஞுன்ட்டில் என் அறைக்கு வந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் சமையல்காரன் மேல் இல்லை. அந்த மேசையில் வாய் திறக்காமல் இருந்துவிட்டோமே என்றுதான் அழுதாள்.

அந்த அபிப்பிராயங்களை எனக்கும் படி என்றேன். வேண்டாம் மாமா என்றாள். படி என்றேன். படித்தாள்.

ஒருவன் ஸ்டூ ஈரச் செருப்பு மாதிரி நாறுகிறது என்று எழுதியிருக்கிறான். ஒரு பொம்பிளை, கரண்டி கேட்டேன், அது வந்து சேர்வதற்குள் சாப்பாடு ஆறிவிட்டது, பரிமாறுகிற பெண் என்னைத் தாண்டி டிவியில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்கிறாள். இன்னொருத்தனுக்குக் கொடுத்த பீர் கிளாசில் யாரோ ஒருத்தியின் உதட்டுச் சாயம். மீனுக்கு மேலே மாவு வெந்திருக்கிறது, உள்ளே மீன் வேகவில்லை. உருளைக்கிழங்கு மசியலில் முடி. கடைசியாக ஒருவன் எழுதியது: 'மூடியில் இருக்கிற அந்தக் கலா கிழவனை முதலில் அடுப்படியை விட்டுத் துரத்துங்கள்.'

நம் ஆட்களை இளக்காரமாகக் கூப்பிடுகிற அந்தக் கலா என்ற சொல்லைப் படித்தபோதுகூடச் செல்வியின் குரல் மாறவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திட்டினவர்களுக்கெல்லாம் கடைக்காரர்கள் கீழே ஒரே பதிலைப் போட்டு வைத்திருக்கிறார்கள். உன் பேரைச் சொல்லி, எங்கள் தலைமைச் சமையல்காரர் அடுத்த முறை உங்களிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பார் என்று. நீ நேரில் வந்தால் என்ன கேட்பாய், யாரிடம் கேட்பாய் என்பது எனக்குத் தெரியும். (இங்கே ஒரு வார்த்தை. செல்வி எழுதவில்லை.)

ஆனால் திட்டினவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை மச்சான். அந்தக் கலா என்ற ஒரு சொல்லைத் தள்ளிவிட்டால், அவர்கள் தின்றதைத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது நடுநடுவே வந்த பாராட்டுகள்தான். 'அதே கை, அதே ருசி, வெள்ளைக்கார முதலாளி காலத்தில் இருந்த மாதிரியே.' 'இந்தப் பெரியவர் கை பட்டால் கல்லும் வேகும்.' ஒரே ஆள் உட்கார்ந்து எழுதின மாதிரி எல்லாம் ஒரே பேச்சு. செல்வி அந்தப் பேர்களைத் தேடிப் பார்த்துவிட்டு, இதில் பாதிப் பேர் கடையில் வேலை செய்கிறவர்கள் மாமா என்றாள்.

அதே ருசி. அந்த ருசி என்ன என்று உனக்கே தெரியாதே மச்சான், அவனுக்கு எப்படித் தெரியும்?

நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெளிநாட்டுக்காரர்கள் திமுதிமுவென்று வந்து இறங்கிய வருஷங்கள் அவை. அந்த ஐரிஷ் கிழவர் ஏரிப் பக்கத்துத் தெருவில் பச்சைக் கதவு வைத்துக் கடை போட்டார். துரைமார் வீடுகளில் சமைத்துப் பழகின கை என்று உன்னைக் கூட்டிக்கொண்டார். கிளாஸ் கழுவ, தட்டுத் தூக்க என்று நீ என்னைக் கூட்டிக்கொண்டாய். முதல் நாளே ஸ்டூ செய்யச் சொன்னார். மாட்டிறைச்சி, கறுப்பு பீர், கேரட், உருளைக்கிழங்கு. நீ மாட்டைத் தொட்டால் கையைக் கழுவித் திருநீறு பூசிக்கொள்கிற ஆள். பீரும் குடிக்க மாட்டாய். அவர் சொன்னபடி செய்துவிட்டாய். செய்ததை வாயில் வைக்க வேண்டுமே? என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"டேய் சவரி, நீ வேதக்காரன்தானே? மாடு திம்பியா?"

"ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சா எங்க வீட்டுல அதுதான்."

"அப்ப இந்தா, தின்னுட்டுச் சொல்லு."

தின்றுவிட்டு, நல்லா இருக்கு என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்குன்னு எங்கம்மாகூடத்தான் சொல்லும். எப்படி இருக்கு? கசக்குதா?" என்றாய். ஆமாம், கொஞ்சம் கசப்பு என்றேன். "எந்தக் கசப்பு? பாகற்காயா, வேப்பம்பூவா?" யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: "சுண்டைவத்தல் கசப்பு, மச்சான். வறுக்கும்போது கொஞ்சம் கருகிப்போச்சுன்னா வருமே, அது." உடனே நெருப்பைக் குறைத்தாய். வெல்லம் ஒரு துண்டு போட்டாய். மறுபடி ஒரு கிண்ணம் என் பக்கம் வந்தது. "இப்ப?" "இப்ப அடிநாக்குல மட்டும் நிக்குது." "இறைச்சி?" "ஆட்டுக்கால் சூப்புல மறுநாள் எலும்பை விட்டுக் கழண்டு வருமே, அந்தப் பதம்." அப்போதுதான் உன் முகம் தெளிந்தது. நீ தின்னாத ஒன்றை, நீ தின்றிருக்கிற சாமான்களைக் கொண்டு உனக்கு நான் சொல்ல வேண்டும். அதுதான் நமக்குள் ஏற்பாடு. கடை இருந்த அத்தனை வருஷமும் ஒரு சட்டிகூட என் வாயைத் தாண்டாமல் வெளியே போகவில்லை. அந்த ஐரிஷ் கிழவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இரண்டு கிழவன்கள் ஒரு சாமி கும்பிடுவது மாதிரி இருக்கிறது என்பார்.

வாடிக்கையாளர் அபிப்பிராயம் என்று அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. திரும்பி வருகிற தட்டை நீ பார்ப்பாய். கேரட்டை ஒதுக்கியிருந்தால் ஏன் என்று என்னை அனுப்பிக் கேட்பாய். நானும் போய், எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் கேட்டுவிட்டு வருவேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் செல்வியும் நானும் அந்தக் கடைக்குப் போனோம். படத்தையும் பேரையும் எடுக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எங்கள் காரியம்.

பச்சைக் கதவு இருக்கிறது. உள்ளே ஊதா விளக்கு. பெரிய டிவியில் பந்து விளையாட்டு, அதற்கு மேல் பாட்டு. முழங்கையை மேசையில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. எங்களை யாரும் வா என்று சொல்லவில்லை. காசு வாங்குகிற இடத்துக்கு மேலே உன் படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதில் பல்லி எச்சம். ஸ்டூ ஒன்று கேட்டேன். வெகு நேரம் கழித்து வந்தது. ஓரத்தில் கொதிக்கிறது, நடுவில் சில்லென்று இருக்கிறது. அதே வாடை. ஒரு வாய் எடுத்தேன், துணியில் துப்பினேன்.

கடையை இப்போது வைத்திருப்பவன் கோ ஸின் என்கிற பர்மாக்காரன். கடை கைமாறின நாளில் என்னை அங்கே பார்த்திருக்கிறான், அடையாளம் தெரிந்துகொண்டு ஓடி வந்தான்.

"ஊலே! உயிரோடதான் இருக்கீங்களா!" என்று பர்மா பேச்சில் ஆரம்பித்தான். ஊலே என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான், அதில் குறை சொல்ல முடியாது.

"நான் இருக்கேன். நீ வச்சிருக்கிற சமையல்காரன்தான் செத்து நாலு வருஷம் ஆச்சு," என்றேன்.

சிரித்தான். நான் தட்டைக் காட்டி, இதை இன்றைக்கு யார் ருசி பார்த்தது என்று கேட்டேன். சமையல்காரனைக் கூப்பிட்டான். கியாக்தான் பக்கத்து ஆள், நாற்பது வயசுக்கு மேலே இருக்கும், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தான். அவனிடமும் அதையே கேட்டேன்.

"அமெதா மஸாபூ, ஊலே," என்றான். மாட்டிறைச்சி தின்பதில்லை. அவன் அம்மா நேர்ந்துகொண்டதாம்.

"சரி. உனக்கு அடுத்த ஆள்?"

அவனும் மஸாபூ. பரிமாறுகிற பெண்ணைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். கோ ஸினைப் பார்த்தேன். "எங்க வீட்டிலயும் தாத்தா காலத்திலேர்ந்து இல்ல ஊலே. வயலை உழுத மாட்டைத் திங்கறது பாவம்," என்றான்.

"அப்ப இந்தக் கடையில இதைத் திங்கிற ஆள் ஒருத்தன்கூட இல்லையா?"

"வாடிக்கையாளர்கள் இருக்காங்களே," என்றான்.

மச்சான், இதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதிலாகத்தான் சொன்னான். எனக்கு அந்த ஸ்டூவைவிட அதுதான் குமட்டியது. கரண்ட் நாலு மணி நேரம் வருகிறது, அப்புறம் போகிறது. ஐஸ்பெட்டி வேர்க்கிறது. இறைச்சி என்ன ஆகிறது என்று அந்த அடுப்படியில் ஒரு நாக்குக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கைப்பேசியில் கத்துகிறார்கள். அதற்கு நீ மன்னிப்புக் கேட்பாய் என்று இவன் பதில் போடுகிறான்.

"நீங்க திங்காதது தப்பே இல்ல. என் மச்சானும் தின்னதில்ல. அவனுக்காக நான் தின்னேன்," என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்க வந்துடுங்க ஊலே! தினம் வந்து ருசி பாருங்க. பீர் எவ்வளவு வேணும்னாலும் குடிங்க. பழைய ஆளே வந்துட்டார்னு உங்க படத்தையும் பக்கத்துல மாட்டிடறேன்."

பல்லி எச்சத்துக்கு இன்னொரு படம். நான் எழுந்துவிட்டேன். "என் படம் வேண்டாம். அவன் படத்தைக் கழட்டு. டப்பாவிலேர்ந்து பேரை எடு," என்றேன். கடையோடு சேர்த்து வாங்கினது ஊலே, பேர், படம், கதவு எல்லாம் அந்த வெள்ளைக்காரர் கொடுத்துட்டுத்தான் போனார் என்றான். உன் பேரை அவர் கொடுத்தாராம். அவருக்கு உன் பேரைச் சரியாகச் சொல்லவே கடைசி வரைக்கும் வரவில்லை.

நான் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே செல்வி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேலே ஏறிவிட்டாள். நாற்காலி ஆடியது. பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து நாற்காலியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். படம் ஆணியை விட்டுக் கழன்று, செல்வியின் மார்பில் சாய்ந்தது.

"யாரும்மா அந்தக் கிழவர்?" என்று ஒருவன் பீர் கிளாசோடு கேட்டான்.

"எங்கப்பா," என்றாள் செல்வி. "உங்க தட்டுல இருக்கிறது அவர் சமைச்சதில்ல." பர்மாவில், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

கோ ஸின் தடுக்கவில்லை. அவ்வளவு பேர் பார்க்கும்போது அவனால் முடியாது. ஒருவன் தட்டை மெல்லத் தள்ளி வைத்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தோம். நானும் ஒரு அபிப்பிராயம் எழுத வேண்டும் என்றேன். நான் சொன்னேன், செல்வி பர்மாவில் எழுதினாள். இந்த டப்பாவில் பேர் உள்ளவர் இறந்துவிட்டார், அவர் சட்டியை நான் ருசி பார்த்தவன், இன்று தின்றது கெட்டுப்போன இறைச்சி, இந்த அடுப்படியில் யாரும் இதை வாயில் வைப்பதில்லை, தின்னாதீர்கள் என்று. நட்சத்திரம் எத்தனை என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒன்றாவது போட்டால்தான் ஏற்றுக்கொள்ளும் மாமா என்றாள். சரி, நாற்காலி பிடித்த பெண்ணுக்கு ஒன்று போடு என்றேன்.

இரண்டு நாளில் கோ ஸின் செல்வியைக் கூப்பிட்டான். அதை நிறையப் பேர் படித்துவிட்டார்களாம். "அதை அழிச்சிடும்மா. அழிச்சா, நாளைக்கே டப்பாவிலேர்ந்து உங்கப்பா பேரை எடுத்துடறேன். சத்தியம்," என்றான்.

நாங்கள் கேட்டது அதுதானே? அழித்துவிடு என்று எனக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. செல்வி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

அப்போதுதான் ஜெனரேட்டர் கெட்டுப்போன அந்த நாள் ஞாபகம் வந்தது. ஏதோ கம்பெனிக்காரர்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஸ்டூ. நீ கிண்ணத்தை நீட்டினாய். ஓரத்தில் ஒரு புளிப்பு என்றேன். "தயிர்ப் புளிப்பா, ஊசின புளிப்பா?" ஊசப்போகிற புளிப்பு என்றேன். அதற்கு மேல் நீ கேட்கவில்லை. இரண்டு பக்கமும் துணியைப் போட்டுச் சட்டியைத் தூக்கினாய், பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தாய். ஐரிஷ் கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் யாருக்குத் தெரியும், கடை பேரும் உன் பேரும் போகிறதே என்று கத்தினார். நீ ஏப்ரனோடு முன்பக்கம் போய், அத்தனை பேர் முன்னாலும் நின்று, "ஸ்டூ நோ. மை மிஸ்டேக். எக் அண்ட் பொட்டேட்டோ," என்றாய். திரும்பி வந்து என்னிடம் சொன்னாய்: "பேர் போனாப் போவுது சவரி. அடுத்தவன் வயித்துக்குள்ள போனதை எப்படித் திரும்ப எடுக்கறது?"

இதைச் செல்வியிடம் சொன்னேன். அவளுக்கு இந்தக் கதை தெரியாது.

"அழிக்கலைன்னா அப்பா பேர் அந்த டப்பாவிலேயே கெடக்கும் மாமா."

"கெடக்கும்."

"ஆபீஸ்ல மறுபடி வாங்குனாங்கன்னா?"

"நீ என்ன சொல்லுவே?"

மடியில் இருந்த கைப்பேசியை எடுத்தாள். கோ ஸினைத் தானே கூப்பிட்டு, அழிக்க மாட்டோம் என்று சொன்னாள். அவன் ஏதோ கத்தினான். வைத்துவிட்டாள். மறுநாள் ஆபீசில் போய்ச் சொல்லியும்விட்டாளாம், அந்த மூடியில் இருந்தது என் அப்பா என்று. சிரித்தவர்கள் தலை நிமிரவில்லை என்றாள். வாந்தி எடுத்தவள் மட்டும் கிட்டே வந்து, உங்கப்பா நிஜமாக என்ன சமைப்பார் என்று கேட்டாளாம்.

ஆகவே உன் பேர் இன்னும் அந்த நாறல் டப்பாவில்தான் ஊர் சுற்றுகிறது, மச்சான். ஆனால் நான் எழுதச் சொன்னதற்குக் கீழே ஒரு தாய், பிள்ளையின் பிறந்தநாளுக்கு அங்கே சொல்லி வைத்திருந்தேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாள். நீ இருந்திருந்தால் அதை இன்னொரு தரம் படிக்கச் சொல்லியிருப்பாய்.

அந்த ஆபீஸ் பெண் கேட்டதைச் செல்வி நேற்று என்னிடமும் கேட்டாள். அப்பா ஸ்டூ எப்படி மாமா இருக்கும்? அவளும் மாடு தின்னாதவள். உட்காரவைத்து, உனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். சுண்டைவத்தல் கருகின கசப்பு, அது அடிநாக்கில் மட்டும். ஆட்டுக்கால் சூப்பின் மறுநாள் பதம். கடைசியில் எங்கே இருந்தோ வருகிற அந்தத் துளி வெல்லம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நீ ஒரு வாய்கூட அறியாத உன் ருசி, மச்சான். அது என் வாயில் கெடாமல் இருக்கிறது.

உன்,
சவரி